அதற்குள் என்ன தீர்ப்பு?

"அவன் சுபாவமே அப்படித்தான்." "இனிமேல் அவர் எங்கே மாறப்போகிறார்?" இந்த இரண்டையும் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முதலாவதைப் பெரும்பாலும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறோம், இரண்டாவதை ஐம்பதைத் தாண்டியவரைப் பார்த்து. இரண்டு இடத்திலும் நாம் செய்வது ஒன்றுதான். அவர் எந்த நிலைமையில் நிற்கிறார் என்று பார்க்காமல், அந்த நிலைமையையே அவருடைய குணம் என்று எழுதிக் கதையை முடித்துவிடுகிறோம்.

மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று நீண்ட காலம் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இந்த அவசரத் தீர்ப்புகள் எவ்வளவு தவறு என்பது எனக்கு உறுதியாகிக்கொண்டே வருகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்தியது. குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய். "இப்போதே சாப்பிட்டால் இது ஒன்றுதான். நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு." காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பிலும் மற்றவற்றிலும் நன்றாக வந்தார்கள் என்று செய்தி பரவியது. அவ்வளவுதான், மேடைப் பேச்சாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொறுமை இருக்கிற பிள்ளை உருப்படும், இல்லாத பிள்ளை உருப்படாது என்று நான்கு வயதிலேயே முத்திரை குத்த ஒரு கருவி கிடைத்துவிட்டது.

அதே சோதனையை ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரின் குழு கொஞ்சம் மாற்றிச் செய்தது. அதன் முடிவு 2013இல் வெளிவந்தது. மிட்டாய்க்கு முன்னால் குழந்தைகளுக்குப் படம் வரையும் வேலை கொடுத்தார்கள். மேசையில் ஏற்கெனவே பயன்படுத்திய கொஞ்சம் வண்ணக்குச்சிகள். "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதாக நிறையக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பாதிக் குழந்தைகளுக்கு அவர் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பிவந்து, "மன்னிச்சுக்கோ, இல்லையாம், இதையே வைத்துக்கொள்" என்றார். அப்புறம் ஸ்டிக்கரை வைத்து இன்னொரு முறை இதே கதை. அதன் பிறகுதான் மிட்டாய்.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் மூன்று நிமிடம். முதல் வகையில் 14 பேரில் 9 பேர் கடைசிவரை, அதாவது கால் மணி நேரம் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாவது வகையில் 14 பேரில் ஒரே ஒருவர்.

இது 28 குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த அறையை மனக்கண்ணால் பார்த்துவிட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. யார் எந்த வகை என்பது குலுக்கல்போலத்தான் முடிவானது. அந்தப் பதினான்கு பேரும் பிறவியிலேயே அவசரக்காரர்கள் இல்லை. சில நிமிடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் இரண்டு முறை சொல் தவறினார், அவ்வளவுதான் வித்தியாசம். சில நிமிட ஏமாற்றமே இவ்வளவு செய்யும் என்றால், வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்தில், நாளை என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத வீட்டில் வளரும் குழந்தை எதை நம்பிக் காத்திருக்கும்? கிடைத்ததைக் கிடைத்தபோதே எடுத்துக்கொள்வது அந்தக் குழந்தை சரியாகப் போட்ட கணக்கு. அதைப் போய் நாம் குணக்கேடு என்கிறோம்.

பிறகு 2018இல் டைலர் வாட்ஸும் அவருடைய சகாக்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் பின்னாளைய படிப்புக்கும் இருந்த தொடர்பு முன்பு சொன்னதில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. இந்தச் செய்தி பழைய செய்தி போன தூரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, அப்படியானால் பிறவியில் எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். நிச்சயமாக இருக்கிறது. இரட்டையர்களை வைத்து ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. சராசரியாக மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளில் 49 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு. ஆனால் இந்த எண்ணை ஆளாளுக்குத் தப்பாகப் படிக்கிறார்கள். உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரபு மிக அழுத்தமாகத் தெரியும் விஷயங்களில் அது ஒன்று, சுமார் 80 சதவீதம் என்பார்கள். அப்படியிருந்தும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறு வருடத்தில் மரபணு மாறிவிடவில்லை. சாப்பாடும் சுகாதாரமும் மாறின. ஆக, 'மரபு' என்று சொன்னவுடன் 'மாறாதது' என்று பொருள் கொள்ள எந்த நியாயமும் இல்லை.

இளம்பருவத்தின் முக்கியத்துவத்தையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், அரசு விடுதிகளில் வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2000இல் தொடங்கி 136 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் பல விஷயங்களில் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அந்த விடுதிகளில் சோறும் துணியும் கிடைத்தன. அழுதால் உடனே வந்து தூக்க, தன்னுடையவர் என்று ஒருவர் இல்லை. அந்தக் குறை மூளைவரை போய்ப் பாதித்திருக்கிறது. ஆரம்ப வருடங்களை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

ஆனால் அதோடு கதை முடிந்துவிடுகிறதா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கேட்பவர்களுக்கு ஹவாயின் கவாய் தீவில் நடந்ததைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரின் குழு கருவில் இருந்தபோதிலிருந்தே கவனிக்க ஆரம்பித்து, அவர்களுக்கு நாற்பது வயது ஆகும்வரை பின்தொடர்ந்தது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு எல்லாமே எதிராக இருந்தன. வறுமை, பிறப்பில் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை, குடிநோயிலோ மனநோயிலோ தவிக்கும் பெற்றோர். இப்படிப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். திறமையாக வேலை செய்தார்கள், அடுத்தவர்மேல் அக்கறையோடு வாழ்ந்தார்கள்.

அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன என்று தேடினால், திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வருகிறது. நிலையாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, மூத்த அக்கா, ஒரு ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர். சொன்னால் சொன்னபடி வந்து நிற்கிற ஒருவர்.

என்னை இதைவிட அதிகமாகப் பாதித்தது மற்ற மூன்றில் இரண்டு பங்கினரின் கதை. பதினெட்டு வயதில் அவர்களைப் பார்த்த எவரும் கைகழுவியிருப்பார்கள். படிப்பு நின்றது, போலீஸ் வழக்கு, சிறு வயதிலேயே தாய்மை, மனநலச் சிக்கல். ஆனால் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் போய்ப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் மீண்டிருந்தார்கள், குறிப்பாகப் பெண்கள். விட்ட படிப்பைச் சமுதாயக் கல்லூரியில் தொடர்ந்தவர்கள் உண்டு. ராணுவத்தில் சேர்ந்து தொழில் கற்றவர்கள், நிதானமான துணை அமைந்தவர்கள், ஏதோவொரு வழிபாட்டுச் சமூகத்தில் இடம் கிடைத்தவர்களும் உண்டு. பதினெட்டில் ஆய்வை நிறுத்தியிருந்தால் அவர்கள் பெயருக்கு எதிரே 'தோல்வி' என்றுதான் பதிவாகியிருக்கும். நாம் நம் சொந்தக்காரர்களைப் பற்றியும் மாணவர்களைப் பற்றியும் பெரும்பாலும் பதினெட்டிலேயே ஆய்வை நிறுத்திவிடுகிறோம்.

அடுத்தவரை விடுங்கள், நம்மை நாமே அப்படித்தான் பார்க்கிறோம். 2013இல் வந்த ஒரு ஆய்வில் 18 முதல் 68 வயதுவரையுள்ள 19,000க்கும் அதிகமானவர்களிடம் கேட்டார்கள். கடந்த பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டேன் என்று எல்லா வயதினரும் ஒப்புக்கொண்டார்கள். வரும் பத்து வருடத்தில் பெரிதாக மாறமாட்டேன் என்றும் எல்லா வயதினரும் நம்பினார்கள். பெற்ற பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தவர் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டும் "வயசாயிடுச்சு, அதான்" என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறோம். வேலை அழுத்தம் விலகியது, கடன் தீர்ந்தது, யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் போனது என்று யோசிப்பதில்லை.

முதுமையைப் பற்றி நாம் சொல்வதில் பாதி, தப்பாக எடுத்த புகைப்படம். வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நாளில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்தால் அறிவுத்திறன் இருபதுகளிலிருந்தே இறங்குவதுபோலத் தெரியும். உளவியலாளர் வார்னர் ஷாய் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956இல் தொடங்கி, அதே ஆட்களையே ஏழேழு வருட இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதித்தபோது வேறு படம் கிடைத்தது. வேகம் முன்கூட்டியே குறைகிறது, உண்மைதான். ஆனால் சொல்வளம், தர்க்கம் போன்ற பல திறன்கள் அறுபதுவரை பெரிய சரிவில்லாமல் நிற்கின்றன. முதல் படத்தில் தெரிந்த சரிவில் கணிசமான பகுதி வயதால் வந்ததே இல்லை. அந்த முதியவர்கள் பிறந்த காலத்தில் அவர்களுக்குப் பள்ளிப்படிப்பு குறைவாகக் கிடைத்திருந்தது. இங்கேயும் நிலைமையைத்தான் ஆளின் குறையாகப் படித்திருக்கிறோம்.

அதே ஆய்வில் ஷெரி வில்லிஸும் ஷாயும் 64 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு ஐந்தே ஐந்து எடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்னேறினார்கள். திறன் குறைந்திருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த நிலைக்கே திரும்பிவந்தார்கள். மொத்தம் ஐந்து மணி நேரம். அதுவரை அவர்களுக்கு அந்த ஐந்து மணி நேரத்தை ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.