‘ஏத்துக்கோங்க’ என்று சொல்வதற்கு முன்னால்

உளவியல் முதுகலை முடித்த ஒரு தங்கை போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ஆக்ட் தெரபிக்கு ரெண்டு நாள் ஆன்லைன் ட்ரெய்னிங் போட்டிருக்காங்க. சர்டிஃபிகேட்டும் தர்றாங்க, சேரட்டுமா?" சேரு, ஆனா ரெண்டு நாளோட நிறுத்திடாதே என்றேன். ஏன் என்று அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். இந்தத் துறைக்கு வரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆக்ட் (ACT) என்பது Acceptance and Commitment Therapy என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்த சிகிச்சைமுறை. இதற்கான முதல் முழுமையான நூல் 1999இல் வந்தது. பயத்தையும் வருத்தத்தையும் விரட்டிவிட்டுத்தான் வாழ ஆரம்பிக்க வேண்டும் என்று காத்திருக்காமல், அவை கூடவே இருக்கும்போதே நமக்கு முக்கியமானதைச் செய்யப் பழகுவதுதான் இதன் அடிப்படை. ஹேய்ஸுக்கே 1978இல், துறைக் கூட்டம் ஒன்றில் பேச வாயைத் திறந்தபோது குரலே எழும்பாமல் போனது. அதுதான் தன்னுடைய முதல் பீதித் தாக்குதல் என்று அவரே பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். தன் பயத்தோடு மல்லுக்கட்டித் தோற்ற ஒருவர் உருவாக்கிய முறை என்பதாலோ என்னவோ, சிகிச்சை தருபவரும் முதலில் தன் மனதோடு உட்கார வேண்டும் என்று இது கேட்கிறது.

என்னுடைய முதல் பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். மனசை விட்டு இன்னும் போகவில்லை.

ரோல் ப்ளே. மதுரையிலிருந்து வந்த தோழி ஒருவர் சிகிச்சைக்கு வந்தவராக நடிக்கிறார். கணவன் கை நீட்டுகிறான், இரவில் அவன் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்கிறார். நான் ஆலோசகர். முந்தின நாள்தான் ஆக்டின் ஆறு அடிப்படைச் செயல்முறைகளையும் அறுகோணப் படமாக ஸ்லைடில் பார்த்திருந்தேன். அதில் முதலாவதாக என் நினைவில் நின்றது ஏற்றுக்கொள்ளுதல். நிதானமான குரலில், "அத எதிர்த்துப் போராடாம, கொஞ்சம் ஏத்துக்கப் பாருங்க" என்றேன்.

தோழி என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மாவும் இதத்தான் மேடம் சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க 'அத'ன்னு சொன்னீங்களே, எத? அவன் அடிக்கிறதையா, இல்ல அவங்க நெஞ்சுல வர்ற படபடப்பையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நானே அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

ஏற்றுக்கொள்ளச் சொல்வது உள்ளே எழும் உணர்ச்சியை மட்டும்தான். அடியை ஏற்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆபத்தில் இருப்பவருக்கு முதலில் பாதுகாப்பு. அதன் பிறகு, படபடப்பு இருக்கும்போதே போனை எடுத்து உதவிக்கு அழைக்க முடிவதற்காகத்தான் அந்தப் படபடப்புக்கு இடம் கொடுக்கப் பழக்குகிறோம். ஆங்கிலத்தில் படிக்கும்போது இது எனக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் நம் வீடுகளில் 'ஏத்துக்கோ', 'அனுசரிச்சுப் போ', 'பொறுத்துக்கோ', 'உன் தலையெழுத்து' எல்லாம் ஒரே மூச்சில் வருகிற சொற்கள். ஒரு பெண் காலமெல்லாம் கேட்டுப் புண்பட்ட வார்த்தையை நாமும் படித்துவிட்டு வந்து சொன்னால், அவர் அடுத்த முறை வரமாட்டார். தமிழில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு நடத்தும் பயிற்சி இதற்கென்று அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மொழியே இந்த முறைக்குப் பெரிய துணை. தமிழில் நாம் 'எனக்குக் கோபம் வருது', 'பயம் வந்துச்சு', 'எனக்கு அழுகை வருது' என்றுதான் பேசுகிறோம். கோபம் வருகிறது, போகிறது. அது வந்துபோகிற இடமாக நான் இருக்கிறேன். ஹேய்ஸ் குழுவினர் பக்கம் பக்கமாக விளக்குகிற 'உணர்ச்சி வேறு, அதைக் கவனிக்கும் நான் வேறு' என்பது, கீரை விற்கும் அம்மாவின் வாயில் சாதாரணமாக வருகிறது. ஆங்கில ஸ்லைடுகளை அப்படியே ஓட்டும் பயிற்சியில் இது யார் கண்ணிலும் படாது.

ஒரு சொல்லின் பிடி தளர்வதற்காக அதையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஆக்ட் பயிற்சியையும் அப்படித்தான் தமிழில் செய்து பார்த்தோம். முதலில் 'பால்'. அரை நிமிடம் வேகமாகப் பால் பால் பால் என்று சொல்லச் சொல்ல, வெள்ளை நிறமும் ஆடையும் காய்ச்சிய வாசனையும் மறைந்து, வெறும் சத்தம் மட்டும் மிஞ்சும். அப்புறம் அவரவரைக் குத்தும் சொல். எங்கள் குழுவில் ஒருவர் 'ராசியில்லாதவ' என்ற சொல்லை எடுத்தார். முதல் நான்கைந்து தடவை குரல் உடைந்தது. முப்பதாவது தடவை நெருங்கும்போது, "இது என்னக்கா, வெறும் சத்தமாத்தான் கேக்குது" என்று ஆச்சரியத்தோடு நிறுத்தினார். இதை ஸ்லைடில் மட்டும் படித்தவர் சிகிச்சைக்கு வந்தவரிடம் செய்யச் சொன்னால், கேலி செய்வதாகத்தான் வந்தவர் நினைப்பார். தன் சொல்லை எடுத்துத் தானே செய்து பார்த்தவருக்குத்தான் எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்பது பிடிபடும்.

சரி, சர்டிஃபிகேட் விஷயம். ஆக்டுக்கான சர்வதேசச் சங்கம் (ACBS) 2005இல் தொடங்கியது. அது சிகிச்சையாளர்கள் யாருக்கும் 'ஆக்ட் நிபுணர்' என்று சான்றிதழ் தருவதில்லை. பயிற்சியாளர்களை மட்டும் சக பயிற்சியாளர்கள் மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது. நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும்; கவுன்சிலர் என்று போர்டு மாட்டுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் இரண்டு நாள் தாளைச் சுவரில் மாட்டிக்கொள்வது சுலபமாகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் இதே முறையை ஐந்தே அமர்வுகளில் தருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்களிடம் அது நல்ல பலன் தந்தது. ஆனால் அங்கே பாடத்தை முழுக்க அவர்களுக்குப் புரியும் ஜூபா அரபியில் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து, படங்களோடு கொடுத்தார்கள். நடத்துபவர் தன் இஷ்டத்துக்குப் பேச வேண்டிய இடமே குறைவு. தனி அறையில், எதிரே அழுதுகொண்டிருப்பவரிடம் அடுத்து என்ன சொல்வது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பது வேறு வேலை.

அதற்கு சூப்பர்விஷன் வேண்டும். மாதக்கணக்கில். வந்தவரின் சம்மதத்தோடு பதிவுசெய்த உரையாடலை மூத்தவர் ஒருவர் கேட்டு, "இங்க நீங்க அவசரப்பட்டீங்க, அவர் அழறது உங்களுக்குத் தாங்கல" என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொன்னவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது நாங்கள் ஐந்து பேர் ஒன்று விட்டு ஒரு ஞாயிறு சேர்ந்து தமிழிலேயே பயிற்சி செய்கிறோம். போன முறை நான், "அந்தப் பயத்துக்கு மனசுல கொஞ்சம் எடம் குடுங்க" என்றேன். எதிரே நடித்த தம்பி சட்டென்று, "எடங்குடுத்தா மடத்தப் புடுங்கிடுமே மேடம்" என்றான். சரியான கேள்வி. வருகிறவர்கள் மனதில் இருப்பதும் இதுதான். அன்று மிச்ச நேரம் முழுக்க அதற்கு என்ன பதில் சொல்வது என்றே பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறும் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம். அந்தத் தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன்.