ஊமைக்காயத்துக்கு யார் சாட்சி?

மகள் போன மாதம் ஒரு இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்தாள். சைக்காலஜி இரண்டாம் வருஷம். விளையாடும்போது தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்குப் போய் பிள்ளைகளுக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கன்கஷன் விழிப்புணர்வு என்று பெயர். சம்பளம் கிடையாது, ஒரு சான்றிதழும் ஒரு டீ-ஷர்ட்டும் உண்டு. (சம்பளம் இல்லாத வேலையைப் பற்றி எனக்கு வேறு ஒரு பதிவு பாக்கி இருக்கிறது.)

முதல் வகுப்புக்கு முந்தின நாள் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். ரத்தம் வர வேண்டும் என்று இல்லை. மயங்கி விழ வேண்டும் என்றுகூட இல்லை. தலை குலுங்கினால் உள்ளே மூளையும் குலுங்கும், ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் அறிகுறிகள்: தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, சத்தம் பொறுக்க முடியாமல் போவது, தூக்கம் கெடுவது, மறதி, சுள்ளென்று வரும் கோபம்.

அம்மா கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "இதெல்லாம் உங்க தாத்தாவுக்கு ராஜஸ்தான்லேர்ந்து வந்த நாளா இருக்குதுடி."

அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வழக்கம்போல டியூப்லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா எம்இஜி, அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். மெட்ராஸ் சாப்பர். அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்த தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது, எல்லாம் இவர்கள் வேலை. பட்டாளத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. 1912இல் இந்தப் படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்ற கேப்டன் இங்கேதான் முள்கம்பி வேலியை உடைக்க ஒரு வெடிகுழாய் செய்தார். உலகம் முழுக்க அதற்குப் பெயர் பெங்களூர் டார்பிடோ. பெயரை மாற்றிய பிறகும் ஊரின் பழைய பெயர் ஒரு வெடிபொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெடிப்பக்கத்திலேயே காலம் தள்ளிய தலைகளுக்கு என்ன ஆகும் என்று மட்டும் வீட்டில் பேச்சு வந்ததில்லை.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை முழுக்கப் படையைக் குவித்தார்கள். ஆபரேஷன் பராக்கிரம். ராஜஸ்தான், பஞ்சாப் எல்லையில் மைல் கணக்கில் கண்ணிவெடி. யுத்தம் வரவில்லை. வெடிகளைத் திரும்ப எடுக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையில்தான் அப்பாவின் கூட்டாளி ஒருவருக்குக் கால் போனது. அப்பா அங்கிருந்து முப்பது அடி தள்ளி நின்றார். தூக்கி எறிந்தது. எழுந்து கூட்டாளியைத் தூக்கியதாகப் பிறர் சொல்லித்தான் அவருக்கே தெரியும், நினைவில் இல்லை. ஒரு காதில் சவ்வு கிழிந்திருந்தது. அதை எழுதினார்கள், மருந்து போட்டார்கள். தலையைப் பற்றிக் கேட்டார்களா என்றால், "தலை நல்லாத்தானே இருந்துச்சு?" என்கிறார்.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பட்டாளத்தில் உடம்பை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தில் அளப்பார்கள்: மனம், காது, கைகால், உடல்திறன், கண். எல்லாவற்றிலும் ஒன்றாம் நம்பர் வாங்கினால் ஷேப் ஒன். ஒரு எழுத்தில் குறைந்தாலும் லோ மெடிக்கல் கேட்டகரி, பிரமோஷன் இழுபறி. அப்பாவுக்கு நாயப் சுபேதார் ஆக வேண்டிய நேரம். "கிறுகிறுன்னு வருது சார்" என்று எந்த ஹவில்தார் வாய் திறப்பார்?

2004இல் பென்ஷனோடு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோபம் என்றால் 'மிலிட்டரி கோபம்'. சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தீபாவளி அன்று கதவை எல்லாம் சாத்திக்கொண்டு உட்காருவார். எண்ணெய் வாங்கப் போய் உப்போடு வருவார். ஒருமுறை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். ரிட்டயர் ஆனவங்களுக்கு இப்படித்தான் இருக்கும், வாக்கிங் போகச் சொல்லுங்க" என்றார். வாக்கிங் போகிறார். ஏரியைச் சுற்றி நாலு ரவுண்டு, திருவள்ளுவர் சிலைக்கு ஒரு சல்யூட்.

இதெல்லாம் அந்த வெடியால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வயசாக இருக்கலாம். சர்க்கரையாக இருக்கலாம். கூட்டாளியின் காலைப் பார்த்த மனக்காயமாக இருக்கலாம். பிறவிக் குணமாகவே இருக்கலாம், எங்கள் தாத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என் ஆதங்கம். அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் இன்று பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருந்திருக்கும்.

இந்தக் குழப்பம் நூறு வருஷப் பழசு. 1915இல், முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் சார்லஸ் மையர்ஸ், குண்டுவீச்சில் நிலைகுலைந்த வீரர்களுக்கு வந்ததை 'ஷெல் ஷாக்' என்று மருத்துவ இதழில் எழுதினார். குண்டு மூளையை அசைத்ததா, மனதை உடைத்ததா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. 2016இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பெர்லின் குழு, வெடிக்கு ஆளான எட்டு வீரர்களின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்தது. மூளையின் திசுக்கள் ஒன்றோடொன்று சேரும் ஓரங்களில் தழும்புகள் இருந்தன. உயிரோடு இருக்கும்போது எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் இவை தெரியாது. நம் பாஷையில் சொன்னால் ஊமைக்காயம்.

மகள் போன்ற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். சிடிஇ என்ற பெயரைச் சொல்லிக் கிழவர்களைப் பயமுறுத்தாதீர்கள். குத்துச்சண்டைக்காரர்களிடமும் அமெரிக்கக் கால்பந்துக்காரர்களிடமும் கண்டுபிடித்த மூளைச் சிதைவு அது. இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். 2022இல் அதே பெர்ல் குழு ராணுவத்தினரின் 225 மூளைகளைப் பார்த்தது. சிடிஇ இருந்தது பத்துப் பேருக்கு. அந்தப் பத்துப் பேருமே மோதல் விளையாட்டு ஆடியவர்கள். ஆக, வெடிச் சத்தம் கேட்டவர்களுக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று கிளப்பிவிடுவது அறியாமை. வெடியின் காயம் வேறு மாதிரி இருக்கலாம், அதைத் தனியாகத் தேட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. 2010இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு விதி கொண்டுவந்தது. வெடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்த எவரானாலும், "நான் நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும், பரிசோதித்தே ஆக வேண்டும். 24 மணி நேரம் ஓய்வு கட்டாயம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பட்டாளத்துக்காரன் பொய் சொல்வான். எங்கே நின்றாய் என்று கேட்டால் மீட்டர் கணக்கில் உண்மை வரும். 2002இல் அமெரிக்காவிலேயே இந்த விதி இல்லை, ஆகையால் அப்பாவைப் பார்த்த டாக்டர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அமெரிக்காவை ரொம்பவும் மெச்ச வேண்டாம், சரி. 2020 ஜனவரியில் இராக்கில் அமெரிக்கப் படை இருந்த அல் அசாத் தளத்தில் ஏவுகணை விழுந்தபோது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். கடைசியில் மூளைக்காயம் என்று எழுதப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல்.

அடுத்த கேள்வி வீட்டுக்காரியிடம் கேட்க வேண்டியது. இருபது வருஷமாக அப்பாவின் தூக்கத்துக்கும் மறதிக்கும் கோபத்துக்கும் ஒரே சாட்சி அம்மா. அவளிடம் ஒரு டாக்டரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பைலைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இந்த இன்டர்ன்ஷிப் பிள்ளைகளை இங்கிலீஷ் ஸ்லைடோடு பெரிய பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பாமல், முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் பெஞ்சுகளுக்கும், ராணுவ கேண்டீன் வரிசைக்கும், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் வேலூர் கம்மவான்பேட்டைக்கும் அனுப்புங்கள். தமிழில் பேசட்டும். கன்கஷன் என்றால் அம்மாவுக்குப் புரியாது, ஊமைக்காயம் என்றால் புரியும். பயணப்படியாவது கொடுத்து அனுப்புங்கள்.

எங்கள் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸில், ஆராய்ச்சிக்காக மூளைகளைச் சேர்த்து வைக்கும் மூளை வங்கி 1995லிருந்து இருக்கிறது. பக்கத்திலேயே அருங்காட்சியகம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மகள் போய், ஒரு மனித மூளையைக் கையில் ஏந்திவிட்டு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எம்இஜி சென்டருக்கும் அந்த வங்கிக்கும் நடுவே ஆட்டோவில் அரைமணிதான். (டிராஃபிக் இல்லாவிட்டால்.) இஷ்டப்படும் முன்னாள் வீரர்கள் இறப்புக்குப் பின் மூளையைத் தர, அவர்களின் சர்வீஸ் விவரங்களும் சேர்ந்து போக, ஒரு வழி செய்தால் நம் ஆட்களின் காயத்தை நம் ஊரிலேயே படிக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "குடுத்துட்டா கேண்டீன் கார்டு கேன்சல் ஆயிடுமா?" என்று கேட்டார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க, இவ எழுதிக்கட்டும்" என்றாள்.

மகள் நோட்டை எடுத்து வந்தாள். அப்பா எச்சில் கையோடு தட்டில் ஒரு கோடு கிழித்தார். "இதான் வேலி. அவன் இங்க. நான் இதோ, இங்க நின்னேன்."