"யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு

நேற்று ராத்திரி 'லூசிங் கிரவுண்ட்' படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை அது கணவன் மனைவி பிணக்கு பற்றிய படமாகத்தான் மனதில் நின்றது. இந்தத் தடவை கண் முழுக்கக் கதாநாயகியின் அம்மா மேல். அந்தக் கதாநாயகி சாரா தத்துவப் பேராசிரியை. பரவசம் என்றால் என்ன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள், ஆனால் தனக்கு அது வாய்க்கவில்லையே என்ற குறை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவோ நடிகை. தனக்கு வருகிற வேடமெல்லாம் ஒரே மாதிரி கறுப்பினக் கிழவி வேடமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறாள். கடவுளைவிட ஆண்களைப் பற்றி அதிகம் நினைக்கிற ஒரு நிஜமான அறுபது வயதுக்காரியாக ஒரு நாளாவது நடிக்க வேண்டுமாம்! இதைவிட நல்ல சினிமா விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இதை எடுத்தவர் கேத்லீன் காலின்ஸ். வருஷம் 1982. நியூயார்க் சிட்டி காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே, ஏறத்தாழ 1,25,000 டாலரில், தன் மாணவர் ஒருவரையே கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி எடுத்தார். அவர் உயிரோடு இருந்தவரை படம் தியேட்டருக்கு வரவே இல்லை. 1988இல் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார், 46 வயது. மகள் நினாவுக்கு அப்போது 19.

அந்தப் பெண் அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, பல வருஷம் அதன் பக்கமே போகவில்லை. எப்படிப் போவாள், சொல்லுங்கள். பிறகு ஒருநாள் திறந்து, பிலிம் லேபில் கிடந்த நெகட்டிவை மீட்டுச் சரிசெய்து, 2015இல் நியூயார்க்கில் திரையிட வைத்தாள். 33 வருஷம் கழித்து! மகளுக்கு அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்தப் படத்தை நான் பார்த்திருக்கவே முடியாது.

இந்த மாதிரிப் படம் என்று பேச்செடுத்தாலே பணம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது "யார் பார்ப்பார்கள்?" என்றுதான். கறுப்பின அம்மா, மகள், பாட்டி, அவ்வளவுதானே, பொதுப் பார்வையாளருக்கு இதில் என்ன இருக்கிறது என்பார்கள். அப்பா மகன் கதைக்கு இந்தக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

ஜூலி டாஷ் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1902, தென் கரோலினா பக்கத்துத் தீவு ஒன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குல்லா மக்களின் ஒரு குடும்பம் அங்கிருந்து வடக்கே குடிபெயரப் போகிறது, பாட்டி நானா மட்டும் வரமாட்டேன் என்கிறாள். ஒரு தகர டப்பாவில் தன் அம்மாவின் தலைமுடியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அம்மாவை அடிமையாக விற்றுக் கொண்டுபோவதற்கு முன் அவள் தன் தலையிலிருந்து கத்தரித்து மகளுக்கு விட்டுப்போன முடி அது. அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுமார் 8 லட்சம் டாலர் பட்ஜெட், அதில் பெரும்பங்கு பொதுத் தொலைக்காட்சிப் பணம். 1991 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது. 1992 ஜனவரியில் நியூயார்க்கில் வெளியானபோது டிக்கெட் கிடைக்காத அளவுக்குக் கூட்டம், அதிலும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கிய முழுநீளப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் பொதுவாக வெளியானது அதுதான் முதல் முறை. ஆக, யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதில் வாசலில் வரிசையில் நின்றது. சரி, அதைப் பார்த்த ஸ்டுடியோக்கள் அடுத்த படத்துக்குப் பணத்தோடு ஓடி வந்திருக்க வேண்டும்தானே? வரவில்லை. டாஷ் அதற்கப்புறம் தொலைக்காட்சிப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. கூட்டம் வராததால் கதவைச் சாத்தினோம் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

2011இல் டீ ரீஸ் எடுத்த படம் இன்னொன்று. புரூக்ளினில் ஒரு பதினேழு வயதுப் பெண், தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று தெரிந்தவள். சர்ச்சுக்குப் போவதை விடாத ஓர் அம்மா. தலைப்பு 'பரையா'. இதைத் தமிழில் எழுதும்போது கை தயங்குகிறது, ஏனென்றால் 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல் நம் ஊரில் ஒரு சாதியின் பெயரிலிருந்து போனது, அந்தப் பெயரோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. தலைப்பு உறுத்தினாலும் படம் அபாரம். கடைசியில் மகள் "உன்னை நேசிக்கிறேன்" என்கிறாள். உனக்காக ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறாள் அம்மா. இதை எழுதத் தெரிந்தவரிடம் போய் "யார் பார்ப்பார்கள்?" என்று எப்படித்தான் கேட்கத் தோன்றுகிறதோ.

டாஷின் படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. குல்லா பேச்சு முதல் இருபது நிமிஷம் சரியாகப் பிடிபடாது, யார் யாருக்கு என்ன உறவு என்றும் குழம்பும். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே இருங்கள். தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள்.