ஆச்சியின் பீடித்தட்டு

எங்கள் ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்குகிறது. துட்டிக்கு வந்தவர்கள் அன்றைக்கு என்னவெல்லாம் சொல்லி அழுதார்கள் என்பது இன்னமும் காதில் இருக்கிறது. "அவ கருவாட்டுக் குழம்பு ருசி யாருக்கு வரும்", "வாசலுக்கு வந்தவங்களச் சாப்பிடாம அனுப்ப மாட்டாளே", "பேரன் பேத்தின்னா உசிர விட்டுருவாளே". எல்லாம் உண்மைதான். ஆனால் ஆச்சி ஆற அமர உட்கார்ந்து சமைத்தது ஞாயிற்றுக்கிழமையிலும் நாள் கிழமையிலும் மட்டும்தான். மற்ற நாட்களில் விடியும் முன்னே ஒரு சோறு, ஒரு குழம்பு. ராத்திரி வரைக்கும் அதுதான். பகல் முழுக்க அவள் மடியில் பீடித்தட்டு இருந்தது. அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

எங்களுக்கு முக்கூடல். தாமிரபரணிக் கரையில் இருக்கிற சின்ன ஊர். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் நாலு பெண்கள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மதம், சாதி என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்த தொழில் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா, பாஸ் இருக்கா" என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. பாஸ் என்பது சுற்றுகிறவர் பெயரில் பீடிக் கடை தருகிற கணக்குப் புத்தகம். ஆச்சியையும் அப்படிக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகும் பல வருஷம் மாமியார் பாஸில்தான் சுற்றினாள். சுற்றியது இவள் கை, கணக்கில் ஏறியது மாமியார் பெயர். தன் பெயரில் ஒரு பாஸ் கிடைக்கும்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். காய்ந்த இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். காலையில் அது பதமாக இருக்கும். தகட்டை இலைமேல் வைத்து அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்ட வேண்டும். பெரிய நரம்பு வந்தால் ஒதுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றும்போது இலை வெடிக்கும். அப்புறம் தட்டில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள், நூல். இலையை இடது கையில் எடுப்பது, ஒரு சிட்டிகை தூளை வரிசையாகப் பரப்புவது, இரண்டு கைப் பெருவிரலும் சேர்ந்து உருட்டுவது, நுனியை மடக்குவது, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பது. எழுதுவதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது. ஆச்சி ஒரு பீடியைச் சுற்றிக் கீழே வைப்பதை நான் கண்ணால் பின்தொடர முடிந்ததே இல்லை. பக்கத்து வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டே, தெருவில் போகிறவரிடம் நலம் விசாரித்துக்கொண்டே கை தன் பாட்டுக்கு ஓடும். வலது பெருவிரல் நகம் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் விரல் ரேகை எடுக்க முயன்றபோது இயந்திரம் அவள் ரேகையை ஏற்கவே இல்லை.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். ஆனால் ஆயிரத்துக்கென்று எடை போட்டுக் கொடுக்கிற இலையில் ஆயிரம் தேறாது. ஓட்டை இலையும் சொத்தை இலையும் கலந்திருக்கும். குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் மேல், சுற்றிய பீடியைப் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, சரியில்லை என்று ஒரு கை அள்ளி ஓரமாகப் போடுவார். அதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. எங்கள் ஆச்சி இருந்த கடையிலும் இதுதான் நடந்தது. ஒரு நாள் ஆச்சியோடு போயிருந்தபோது பார்த்தேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. வழியில் மட்டும், "கழிச்ச பீடியயும் எவனோ காசு கொடுத்துத்தானட்டி குடிக்கான்" என்றாள்.

ஆச்சியைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. மகன்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். பீடித் தொழிலாளர் நல நிதியில் வந்த உதவித்தொகையும், தீபாவளிக்கு முன்னால் வருகிற போனஸும் அதற்குத்தான் போயின. என் அத்தை மட்டும் எட்டாவதோடு நின்றாள். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் ஆச்சி சுற்றிப் போடுகிற பீடியின் நுனியை மடக்கிக் கொடுத்தவள் அவள். ஒரு கட்டத்தில் அவளுக்கும் தனித்தட்டு வந்துவிட்டது. அப்பா இன்ஜினீயர் ஆனதில் அத்தையின் படிப்பும் சேர்ந்து கரைந்திருக்கிறது. அத்தை இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆச்சிக்கு அது உள்ளே இருந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். பேத்திகள் நாங்கள் விளையாட்டுக்குத் தட்டைத் தொட்டாலே, "கைய ஒடிச்சிருவேன், புஸ்தகத்த எடு" என்று சீறுவாள். பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு, மாதாமாதம் அந்தப் பணத்தை அப்படியே அத்தை கையில் கொடுத்தாள். மகன்கள் தனக்கென்று அனுப்பிய பணத்தில்தான் தன் செலவைப் பார்த்துக்கொண்டாள்.

பென்ஷனா, பீடி சுற்றியவளுக்கா என்று கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. 1977-ல் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) வந்தது. ஆச்சிக்குப் பென்ஷன் கிடைத்தது அதன் வழியாகத்தான். வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களுக்கு எதற்கு பி.எஃப் என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களுக்கும் உண்டு என்று 1985-ல் தீர்ப்பானது. நாட்டின் சட்டமும் நீதிமன்றமும் ஆச்சியைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டன. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம் மட்டும், "ஏதோ வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் சுத்துனா" என்கிறது. தாத்தாவின் வயல் கூலி மழையை நம்பி இருந்தது. சனிக்கிழமை தவறாமல் வந்தது ஆச்சியின் கூலிதான்.

பீடி உயிரைக் குடிக்கிற பொருள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆச்சிக்கும் அது தெரியும். வீட்டுக்குள் யாரையும் பற்ற வைக்க விட்டதில்லை. ஆனால் புகைக்காத அவளுக்கே இருமல் இருந்தது. தூள் பறக்கிற திண்ணையில் காலம் முழுக்க இருந்தவளுக்கு வேறென்ன வரும்? முதுகு வளைந்ததும் அதே வேலையால்தான். உள்ளூரிலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனை இருந்ததால் மருந்து மாத்திரையாவது கிடைத்தது. அந்த மருத்துவமனையை நடத்துகிற நல நிதிக்குப் பணம் வந்த, பீடி மேல் போட்ட செஸ் வரியை 2017-ல் ஜி.எஸ்.டி வந்தபோது எடுத்துவிட்டார்கள். இந்தத் தொழில் ஒழியட்டும், நல்லது. ஆனால் அதிலேயே விரல் தேய்ந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு ஒழியக்கூடாது. மாற்று வேலை கொடுங்கள், மருத்துவத்துக்கு வழி செய்யுங்கள். 2014-லிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாயில் நிற்கிறது. ஆயிரம் ரூபாயில் ஒரு மாதத்து மாத்திரைகூட வாங்க முடியாது.

நினைவு நாளுக்கு அடிக்கிற போஸ்டருக்கு வாசகம் எழுதி சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அன்பின் உருவே, பாசத்தின் சிகரமே என்று நாலு வரி. கீழே மகன்கள், பேரன்கள் பெயர், பக்கத்தில் அவரவர் உத்தியோகம். ஆச்சி பெயருக்குக் கீழே "பீடித் தொழிலாளி" என்று போடுங்கள் என்றேன். ஊர் சிரிக்கும் என்றார் சித்தப்பா. ஊரில் பாதிப் பேர் வீட்டில் தட்டு இருக்கிறது, யார் சித்தப்பா சிரிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அத்தை மட்டும் போன் பண்ணி, "போடச் சொல்லு. என் பேரையும் கீழ போட்டு, அதையே எழுதச் சொல்லு" என்றாள். மகள் பெயர் போஸ்டரில் விட்டுப்போயிருந்ததை அதுவரை நான்கூடக் கவனிக்கவில்லை. இன்னும் முடிவாகவில்லை. நான் விடுவதாக இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆச்சி, அம்மா, அத்தை யாராவது பீடி சுற்றியிருந்தால் பாஸ் புத்தகத்தையும் பி.எஃப் நம்பரையும் தேடி எடுத்து, அதில் இருக்கிற பெயர், பிறந்த தேதி, ஆதாரில் இருக்கிற பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாஸில் வீட்டில் கூப்பிடுகிற பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருக்கும். எங்கள் ஆச்சிக்கு அப்படித்தான் இருந்தது, அந்தப் பெயர் வித்தியாசத்துக்காக அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் படி ஏறி இறங்கினோம். அவர்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே திருத்திவிடுங்கள். என்ன விண்ணப்பம், என்னென்ன தாள் வேண்டும் என்பது எனக்கு இப்போது அத்துப்படி. இன்பாக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.