மாற்றுவது அவர்கள், பணம் கட்டுவது நாமா?

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவில் பக்கம். மழைக்கு டிவி சிக்னல் போய்விட்டது என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டு இரண்டு நாளாகியும் பாதி சேனல் வரவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ அறிவிப்பு மட்டும் நின்றது. எங்கள் வீட்டில் டிடிஎச் இணைப்பு, அதாவது மாடியில் டிஷ் வைத்து செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சேனல் வருவது. அந்த கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "சார், உங்க செட்டாப் பாக்ஸ் பழைய மாடல், அப்கிரேடு பண்ணணும்" என்றார்கள்.

மறுநாள் வந்த தம்பி மொட்டை மாடிக்கு ஏறி, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியைக் கழற்றிக் காட்டினார். மூடி வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. வயர் முனையில் பச்சைக் களிம்பு. அத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பொருள், அதை மாற்றுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கீழே இறங்கி வந்து அவர் போட்ட கணக்கைப் பாருங்கள்: புதுப் பெட்டி 1,200, எல்என்பி 350, இருபது மீட்டர் வயர் 300, வந்துபோன சார்ஜ் 250. மொத்தம் 2,100 ரூபாய். பழைய பெட்டியையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். 2013-ல் 1,700 ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி.

"அதுக்கு எதும் கழிச்சுக்க மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார் அம்மா.

"இல்ல ஆச்சி. இத கம்பெனிக்கு ரிட்டர்ன் பண்ணணும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, சொந்தப் பெட்ரோலில் ஊர் ஊராகச் சுற்றுகிற பையன். என் கோபமெல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

அம்மாவின் பெட்டி பழுதாகவில்லை. படத்தைச் சுருக்கி அனுப்புவதில் எம்பெக் 2 என்பது பழைய முறை, அந்த முறையில் வரும் படத்தை மட்டும் காட்டத் தெரிந்த பெட்டி அது. கம்பெனி எம்பெக் 4 என்ற புது முறைக்குப் போய்விட்டது. ஏன் போனது? அதே தரத்தில் படம் அனுப்ப எம்பெக் 4-க்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை வாடகைக்கு எடுத்துத்தான் இந்த கம்பெனிகள் சேனல்களை அனுப்புகின்றன. அதே வாடகையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேனல் ஏற்றலாம் என்றால் லாபம் யாருக்கு? என் அம்மா பார்ப்பது மொத்தம் ஐந்து சேனல். புதுப் பெட்டி வந்த பிறகும் அதே ஐந்துதான். மிச்சமாவது அவர்களுக்கு, செலவு மட்டும் அம்மாவுக்கு. இதை அப்கிரேடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எச்டி வேண்டும், ரெக்கார்டிங் வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கினால் பணம் கொடுப்பது நியாயம். அவர்கள் வசதிக்கு மாற்றினால் பெட்டியை அவர்கள்தான் இலவசமாகத் தர வேண்டும்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்கிறோம், ஆனால் அது இன்னொரு கம்பெனியில் வேலை செய்யாது. போனில் பிடிக்காவிட்டால் சிம்மை மாற்றிக்கொள்கிறோம், 2011 முதல் நாடு முழுக்க நம்பரைக்கூட மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக முடிகிறது. டிடிஎச்சில் கம்பெனி மாறினால் பெட்டியைப் பரணில் போட வேண்டியதுதான். எத்தனை வீட்டுப் பரணில் இரண்டு மூன்று பெட்டி தூசி பிடித்துக் கிடக்கிறது என்று நீங்களே பாருங்கள். இத்தனைக்கும், ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றிலும் இயங்க வேண்டும் என்று டிடிஎச் உரிம விதியிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மறுபடி இதையே பரிந்துரைத்தது. எல்லாப் பெட்டியும் எல்லா கம்பெனிக்கும் பொருந்த வேண்டும், புது டிவிகளிலேயே அதற்கான யுஎஸ்பி வசதி வேண்டும், ஆறு மாதத்தில் செய்யுங்கள் என்றது. வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா வீட்டுக்கு இப்போது வந்திருக்கும் புதுப் பெட்டியும் ஒரே கம்பெனிக்குத்தான்.

மாதக் கட்டணமும் சும்மா இல்லை. 2019-ல் புது விதி வந்தபோது சேனல் விலைக்கு மேல் 130 ரூபாய் வரை அடிப்படைக் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2024-ல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பெட்டியைக் காட்டி நம்மைக் கட்டிப்போட்ட பிறகு அது என்ன சந்தை? தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்' இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். மாதக் கட்டணம் இல்லைதான். ஆனால் அம்மா பார்க்கிற சீரியல்கள் அதில் வருவதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைதான் வருமானம். அவர் வீட்டிலும் அதே கம்பெனி, அதே பழைய பெட்டி, அதே அறிவிப்பு. புதுப் பெட்டி விலையும் அவருடைய ஒரு மாதப் பணமும் ஒன்று. "எனக்கெதுக்குய்யா, கெடந்துட்டுப் போவுது" என்றார். டிவி மேல் பழைய சேலைத் துணியை மடித்துப் போட்டு வைத்திருக்கிறார்.

அம்மாவுக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பழைய பெட்டியின் ரசீது, புது பில் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நீங்களும் பதிவு செய்யுங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் மறுபடி ஊருக்குப் போகிறேன். பெரியம்மாவின் பழைய ரசீதைத் தேடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் ஒரு புகார் போட வேண்டும்.