ஸ்கேன் அப்படி சொல்லல தலைவா

"குண்டா இருக்கறவங்க மூளை பொறக்கும்போதே டேமேஜ், ஸ்கேன்லயே தெரிஞ்சிச்சு"ன்னு மேல போட்ருக்கீங்க, இன்னா தலைவா இது. நீங்க காட்ற ஆய்வு, லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 2001ல வந்துச்சு, அமெரிக்காவுல இருக்கற ப்ரூக்ஹேவன் லேப்ல வாங், வோல்கோன்ற ஆராய்ச்சியாளருங்க டீம் பண்ணது, பெட் ஸ்கேன்ல (மூளை எப்டி வேல செய்யுதுன்னு காட்ற ஸ்கேன்) பாத்தது வெயிட் ரொம்ப ஜாஸ்தியா இருந்த 10 பேரு, இல்லாத 10 பேரு, அவ்ளோதான். வெயிட் ஜாஸ்தியா இருந்தவங்களுக்கு டோபமைன் டி2 ரிசப்டர், அதாவது ஆசைய தூண்டற டோபமைன்ங்கற மூளை கெமிக்கல புடிச்சுக்கற எடம், கம்மியா இருந்துச்சு, கரெக்டு, ஆனா அதனாலதான் வெயிட் ஏறுச்சா இல்ல வெயிட் ஏறுனதால அது கொறஞ்சுதான்னு ஒருவாட்டி எடுத்த ஸ்கேன் எப்டி சொல்லும்? பின்னாடி வந்த சில ஆய்வுல அந்த வித்தியாசமே தெரில. பசிய கன்ட்ரோல் பண்ற லெப்டின்ங்கற ஹார்மோன் வேற கொழுப்பு செல்லுலேர்ந்துதான் வருது, 1994லயே கண்டுபுடிச்சாச்சு, அப்ப கொழுப்பு மாறுனா மூளைக்கு போற சிக்னலும் மாறும்ல. சென்னை பீச் ஸ்டேஷன்கிட்ட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைல வறுத்த வெங்காயம் வாசனை வந்தா ஒல்லியா இருக்கறவன் மூளையும்தான் துள்ளும், அதுக்கு பேரு டேமேஜா?