லக்சம்பர்க்கைப் புகழ்வதற்கு முன்னால்

லக்சம்பர்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். குட்டி நாடு, மூன்று மொழிகள் (லக்சம்பர்க்கியம், பிரெஞ்சு, ஜெர்மன்), எல்லாருக்கும் எல்லாம் தெரியும், மொழிச் சண்டையே கிடையாது. பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறியவன் நான். எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

நாடு குட்டிதான். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றுக்கும் நடுவே 2,586 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இன்னும் ஏழு லட்சத்தைத் தொடவில்லை. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவர். போர்த்துகீசியர்தான் அவர்களில் அதிகம். இது போதாதென்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறார்கள். 2020 முதல் பஸ், ரயில், டிராம் எதற்கும் டிக்கெட் வாங்க வேண்டாம் (ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு). நாட்டின் தலைவர், கிராண்ட் டியூக் என்ற பட்டமுள்ள மன்னர். ஆட்சியாளரின் பிறந்தநாளாகக் கொண்டாடும் தேசிய தினமான ஜூன் 23 அன்று அரச குடும்பத்தில் எந்த ஆட்சியாளரும் பிறக்கவில்லை என்பது வேடிக்கை. சார்லட் அரசியின் பிறந்தநாள் ஜனவரி 23. அந்தக் குளிரில் யார் தெருவில் நின்று கொண்டாடுவது என்று ஜூனுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். இந்த நடைமுறைப் புத்திக்காகவே இவர்களை எனக்குப் பிடிக்கும்.

மொழியிலும் அதே புத்திதான். நாடாளுமன்றத்தின் 60 உறுப்பினர்களும் பெரும்பாலும் லக்சம்பர்க்கிய மொழியில் வாதாடுகிறார்கள். நிறைவேற்றும் சட்டத்தைப் பிரெஞ்சில் எழுதுகிறார்கள். 1848 முதல் வந்துகொண்டிருக்கும் பழம்பெரும் நாளிதழில் அதைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஜெர்மனில் வருகிறது. தலைநகரில் ரொட்டிக்கடைக்குப் போனால் பிரெஞ்சு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் போர்த்துகீசியம். வங்கி அலுவலகங்களில் ஆங்கிலம். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம், ஒரு வேலை, சொல்லப்போனால் ஒரு அந்தஸ்தும் உண்டு. இதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. 1839இல் நாட்டின் மேற்குப் பகுதி பெல்ஜியத்துக்குப் போனது. (அங்கே இன்றும் லக்சம்பர்க் என்றே ஒரு மாகாணம் இருக்கிறது; அது இந்த நாட்டைவிடப் பெரியது!) பிரெஞ்சு பேசிய மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், ஆனால் அரசு அலுவல்களில் பிரெஞ்சு தங்கிவிட்டது. வீட்டில் பேசிய லக்சம்பர்க்கிய மொழியை வெளியார் ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கு என்றே தள்ளினார்கள்.

அப்படிச் சொன்னவர்களுக்கு 1941இல் பதில் கிடைத்தது. முந்தைய ஆண்டு மே மாதம் நாட்டைக் கைப்பற்றியிருந்த நாஜிகள் பிரெஞ்சுக்குத் தடை விதித்து, மக்களின் பிரெஞ்சுப் பெயர்களைக்கூட மாற்ற வைத்தார்கள். பிறகு ஒரு கணக்கெடுப்பு. குடியுரிமை, தாய்மொழி, இனம் என்று மூன்று கேள்விகள். லக்சம்பர்க்கிய மொழி வெறும் வட்டார வழக்கு, அதைத் தாய்மொழியாக எழுதக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்கள். எதிர்ப்பியக்கத்தினர் ரகசியமாகத் துண்டறிக்கை பரப்பினார்கள்: மூன்றுக்கும் லக்சம்பர்க் என்றே எழுதுங்கள். வரப்போகும் விடை இன்னதென்று தெரிந்ததும் நாஜி ஆளுநர் குஸ்தாவ் சீமோன் கணக்கெடுப்பையே கைவிட்டார். மறு ஆண்டு, கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நாடு வேலைநிறுத்தம் செய்தபோது நாஜிகள் 21 பேரைக் கொன்றார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த மொழியைச் சட்டப்படி தேசிய மொழியாக்க 1984 வரை காத்திருந்தார்கள். அவசரம் என்பது இவர்கள் அறியாத ஒன்று.

அவர்களுடைய பண்பாட்டுக்கும் அதே நிதானம் உண்டு. எக்டர்நாக் என்ற ஊரில் பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பிந்தைய செவ்வாயன்று கைக்குட்டைகளின் முனையைப் பிடித்தபடி வரிசை வரிசையாகத் துள்ளித் துள்ளிப் புனித வில்லிப்ரோர்டின் கல்லறைக்குப் போகிறார்கள். தலைநகரின் கோடைச் சந்தை 1340இல் தொடங்கியது. அங்கே உருளைக்கிழங்கைத் துருவி வெங்காயம் சேர்த்துப் பொரித்த வடை கிடைக்கும், சுடச்சுட. அதற்காகவே போகலாம்.

இனி, புகழ்பவர்கள் சொல்லாத பாதி. இங்கே குழந்தை ஆறு வயதில் எழுதப் படிக்கத் தொடங்குவது வழக்கமாக ஜெர்மனில். லக்சம்பர்க்கிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஜெர்மன் பக்கத்து வீடு. போர்த்துகீசியம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது முற்றிலும் அந்நியம். பிறகு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் பிரெஞ்சுக்கு மாறும்போது, ஜெர்மனிலேயே தடுமாறிய பிள்ளை ஏற்கெனவே பின்தங்கியிருக்கும். போர்த்துகீசியப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிரிவில் குறைவாகவும் தொழிற்கல்விப் பிரிவுகளில் அதிகமாகவும் இருப்பது பல காலமாக எல்லாரும் அறிந்த செய்தி. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டிய வீடுகளில்தான் நாடே குடியிருக்கிறது. பத்தாண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரலாமா என்று 2015இல் கேட்டபோது, 78 சதவீதம் பேர் முடியாது என்றார்கள்.

2022இல் ஒருவழியாக நான்கு பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது: விரும்பும் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு முதல் எழுத்தைப் பிரெஞ்சில் கற்பிக்கச் சொல்லலாம். இது வகுப்பறையை இரண்டாகப் பிரித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறை ஏற்கெனவே பிரிந்துதான் கிடந்தது. பிள்ளைகளுக்கு வயது பன்னிரண்டானதும் அவர்களை வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பி அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.